பி.எல்.சி. கவுண்டர் மூலம் இயந்திரத்தின் ஓட்ட நேரம், நிறுத்த நேரம் கணக்கிடுவது: முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு நொடியும் ஏதாவது ஒரு கணக்கில் ஒரே ஒரு தடவை விழவேண்டும். இரண்டு கணக்கில் விழக்கூடாது, எதிலும் விழாமல் நழுவவும் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த விதியைக் காப்பாற்றத்தான். புதிதாக எழுதுபவர்கள் நேராக ஒரு டைமரைப் போட்டு ஆரம்பிக்கிறார்கள். மாத முடிவில் ஓட்ட நேரத்தையும் நிறுத்த நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஷிஃப்ட் நேரத்தோடு ஒத்துவராது. அதன் பிறகு அந்த எண்ணை யாரும் நம்புவதில்லை.

பி.எல்.சி. என்பது இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர். உதாரண முகவரிகள் மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யூ கன்ட்ரோலருக்கானவை. எம் என்று தொடங்குவது பிட் (ஆன் அல்லது ஆஃப்), டி என்று தொடங்குவது ரெஜிஸ்டர் (ஓர் எண்ணைச் சேமிக்கும் இடம்), சி என்று தொடங்குவது கவுண்டர். மற்ற கன்ட்ரோலர்களில் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

காலியான டிஜிட்டல் இன்புட் குறைந்தது நான்கு: மோட்டார் ஓடுகிறது, ஒரு துண்டு முடிந்தது, கோளாறு, சரக்கு இல்லை அல்லது அடுத்த இயந்திரம் நிரம்பிவிட்டது. இடம் இருந்தால் ஐந்தாவதாக அச்சு மாற்றத்துக்கு ஒரு செலக்டர் சுவிட்சும் வைக்கலாம்.

ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்த சுழற்சி நேரம். கேட்டலாக்கில் உள்ள எண் உதவாது. நல்ல ஓட்டத்தில் தொடர்ந்து இருபது சுழற்சிகளை அளந்து, அடிக்கடி வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் அது 12 நொடி.

ஷிஃப்ட் தொடங்கும் நேரங்களும் இடைவேளை நேரங்களும், எழுத்தில். வாய்மொழியாக வாங்கினால் பராமரிப்புத் துறை ஒன்று சொல்லும், உற்பத்தித் துறை வேறொன்று சொல்லும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பேக்கப். கன்ட்ரோலரிலிருந்து அப்லோடு செய்து, நடப்பு ரெஜிஸ்டர் மதிப்புகளோடு சேமியுங்கள்.

2. நிலைகளை முதலில் காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

'ஓடுகிறது', 'நிற்கிறது' என்று இரண்டு நிலை போதும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால், சரக்கு வராமல் நின்ற நேரமும் பேரிங் போய் நின்ற நேரமும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். பிறகு எதைச் சரிசெய்வது என்று அந்த எண் சொல்லாது. ஐந்து நிலைகள் போதுமானவை:

நிலை 1 – ஓட்டம்: மோட்டார் ஓடுகிறது, துண்டுகளும் வருகின்றன.
நிலை 2 – கோளாறு: ஏதாவது ஒரு கோளாறு பிட் ஆன்.
நிலை 3 – திட்டமிட்ட நிறுத்தம்: இடைவேளை, அச்சு மாற்றம், சுத்தம் செய்தல்.
நிலை 4 – காத்திருப்பு: இயந்திரம் நலமாக இருக்கிறது, சரக்கு வரவில்லை அல்லது வெளியே இடமில்லை.
நிலை 5 – காரணம் தெரியாத நிறுத்தம்: மேலே எதிலும் சேராதது எல்லாம்.

ஐந்தாவது நிலை கட்டாயம். அது இல்லாவிட்டால் எதிலும் சேராத நொடிகள் காணாமல் போகும். அது பெரிதாக வந்தால் சிக்னல் போதவில்லை என்று பொருள். அப்போது இன்னொரு சென்சார் போடவேண்டிய இடம் தெரியும்.

எட்டு, பத்து என நிலைகளைப் பெருக்காதீர்கள். நுணுக்கமான காரணங்களுக்குக் காரண எண் இருக்கிறது. அது 7ஆம் படியில் வரும்.

3. சிக்னலை எங்கிருந்து எடுப்பது

மோட்டாரை ஓட்டும் பி.எல்.சி. அவுட்புட் பிட்டை 'ஓடுகிறது' என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. அவுட்புட் என்பது கட்டளை மட்டுமே. எம்.சி.பி. (மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தாலும், கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே போன்ற சுவிட்ச்) சுருளில் வயர் கழன்றாலும் அவுட்புட் ஆனாகவே இருக்கும், மோட்டார் நின்றுபோயிருக்கும். கான்டாக்டரின் 13-14 துணைத் தொடர்பை ஒரு இன்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஓவர்லோடு ரிலேயின் 97-98 தொடர்பைக் கோளாறு இன்புட்டுக்கு எடுக்கலாம். 95-96 ஏற்கெனவே கான்டாக்டர் சுருளைத் துண்டிக்கும் சுற்றில் இருக்கும், அதைத் தொடவேண்டாம்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் அதன் ரிலே அவுட்புட் 'ரன்' என்ற பணிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாராமீட்டரில் பாருங்கள். 'ரெடி' என்ற பணியில் இருந்தால் மோட்டார் நின்றாலும் ரிலே இழுத்துக்கொண்டே இருக்கும்.

மோட்டார் ஓடுவதும் உற்பத்தி நடப்பதும் ஒன்றாகிவிடாது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றும். ஹைட்ராலிக் பம்ப் நாள் முழுக்க ஓடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துடிப்பு தரும் சென்சார் தேவை. பிராக்ஸிமிட்டி சென்சாரின் (அருகில் வரும் பொருளை உணர்வது) என்.பி.என்., பி.என்.பி. வகை இன்புட் இணைப்போடு பொருந்தவேண்டும். எஃப்.எக்ஸ். வகை இன்புட்டுகளில் 10 மில்லிநொடி வடிகட்டி இயல்பாகவே உண்டு. துடிப்பின் நீளம் அந்த வடிகட்டியும் ஒரு ஸ்கேன் நேரமும் (கன்ட்ரோலர் புரோகிராமை ஒரு முறை முழுதாக ஓட்ட எடுக்கும் நேரம்) சேர்ந்ததைவிடக் கூடுதலாக இல்லாவிட்டால் சில துண்டுகள் எண்ணப்படாமல் போகும்.

உள்ளே நுழையமுடியாத, பூட்டிய கன்ட்ரோலர் உள்ள இயந்திரமாக இருந்தால் டவர் லாம்ப்பிலிருந்து எடுக்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு இன்டர்ஃபேஸ் ரிலே போட்டு அதன் தொடர்பை இன்புட்டுக்குக் கொடுங்கள். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் 2 நொடி ஆஃப்-டிலே (சிக்னல் போன பிறகும் அவ்வளவு நேரம் ஆனாகவே வைப்பது) வையுங்கள், நிலையான சிக்னல் கிடைக்கும்.

பாதுகாப்புச் சுற்றில் கை வைக்காதீர்கள். அவசர நிறுத்தத்தின் நிலை வேண்டுமென்றால் பாதுகாப்பு ரிலேயில் தகவலுக்கென்றே உள்ள துணைத் தொடர்பிலிருந்து எடுங்கள். பட்டனின் பாதுகாப்புத் தொடர்பில் இன்னொரு வயரைச் செருகுவது ஆளின் உயிரோடு விளையாடுவது.

4. ஒரே ஒரு நொடித் துடிப்பு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

1 நொடி டைமர் போட்டு, அது முடிந்ததும் தன்னைத்தானே ரீசெட் செய்யவைப்பது வழக்கமான முறை. டைமர் முடிந்தது என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். ரீசெட் ஆகி மறுபடி தொடங்குவதற்குள் இன்னும் கொஞ்சம் நேரம் போகும். ஸ்கேன் 10 மில்லிநொடி என்றால், துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 10 மில்லிநொடி இழப்பு, அதாவது 1 சதவீதம். ஒரு நாளின் 86,400 நொடியில் 864 நொடி, 14 நிமிடத்துக்கும் மேல் காணாமல் போகிறது. புரோகிராம் வளர வளர ஸ்கேன் நீளும், இழப்பும் கூடும்.

கன்ட்ரோலரிலேயே இருக்கும் கடிகார பிட்டைப் பயன்படுத்துங்கள். எஃப்.எக்ஸ். வகையில் எம்8013, டெல்டா டி.வி.பி. வகையில் எம்1013, சீமென்ஸ் எஸ்7-200இல் எஸ்.எம்.0.5. எஸ்7-1200இல் கடிகார நினைவகப் பைட்டை இயக்கினால் அதன் 5ஆம் பிட் 1 ஹெர்ட்ஸ். இவை அரை நொடி ஆன், அரை நொடி ஆஃப் என்று துடிக்கும். ஸ்கேன் நேரத்தால் இவை பின்தங்குவதில்லை.

இந்தப் பிட்டின் ஏறுமுனையை (ஆஃபிலிருந்து ஆனாகும் கணம்) புரோகிராமின் முதல் ரங்கில் (லாடர் புரோகிராமின் ஒரு வரி) ஒரே ஒரு தடவை பிடித்து, ஒரு ஸ்கேன் மட்டும் ஆனாகும் ஓர் உள் பிட்டில் வையுங்கள்:

ரங் 1: எம்8013 ஏறுமுனை → எம்100, 'நொடித் துடிப்பு'

இனி எல்லாக் கணக்கும் எம்100ஐ மட்டுமே பார்க்கவேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது: 'ஓடுகிறது' தொடர்பையும் எம்8013ஐயும் தொடராகப் போட்டு கவுண்டருக்குக் கொடுத்தால், எம்8013 ஆனாக இருக்கும் அரை நொடிக்குள் இயந்திரம் தொடங்கும்போது ஒரு பொய்யான ஏறுமுனை பிறக்கும், கவுண்டர் ஒன்று கூடும். அடிக்கடி நின்று தொடங்கும் இயந்திரத்தில் ஓட்ட நேரம் இப்படியே வீங்கும்.

இரண்டாவது: எஸ்7-1200இல் கடிகார பிட் ஸ்கேனோடு ஒத்திசைந்து மாறுவதில்லை, ஸ்கேனின் நடுவிலும் மாறலாம். இரண்டு ரங்குகளில் தனித்தனியாகப் படித்தால் இரண்டும் வேறு வேறு மதிப்பைப் பார்க்கக்கூடும்.

ஸ்கேன் நேரம் அரை நொடியைத் தாண்டினால் துடிப்பு தவறும். எஃப்.எக்ஸ்.இல் டி8012ஐப் பாருங்கள். அது அதிகபட்ச ஸ்கேனை 0.1 மில்லிநொடி அலகில் காட்டும்.

ஒரு நொடித் துடிப்பால் குறுகிய நிறுத்தங்களின் நீளம் தவறாதா என்ற கேள்வி வரும். ஒரு நிறுத்தத்தில் ஒரு நொடிக்குள் பிழை வரும். ஆனால் அது சில சமயம் கூடுதலாகவும் சில சமயம் குறைவாகவும் வருவதால் ஷிஃப்ட் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய சமமாகிவிடும். நிலைக்கு ஒன்றாகத் தனி டைமர் வைத்தால் மீதித் துணுக்குகள் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக வெட்டுப்படும். அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். சுழற்சி 3 நொடிக்கும் குறைவான இயந்திரத்துக்கு 100 மில்லிநொடி பிட்டான எம்8012ஐ எடுத்துக்கொள்ளலாம்.

5. நிலை எண்ணை எழுதும் வரிசை

ஐந்து நிலைக்கும் ஐந்து தனி பிட் வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆனாகும் வாய்ப்பு எப்போதும் இருக்கும். ஒரே ரெஜிஸ்டரில் ஒரு எண் என்றால் அந்தப் பிரச்சினை எழவே எழாது. டி500ஐ நிலை எண்ணாக வையுங்கள். ரங்குகள் இந்த வரிசையில்:

ரங் 2: எப்போதும் ஆன், எம்8000 → டி500 = 5
ரங் 3: சரக்கு இல்லை அல்லது வெளியே நிரம்பியது → டி500 = 4
ரங் 4: கோளாறு → டி500 = 2
ரங் 5: இடைவேளை அல்லது அச்சு மாற்றம் → டி500 = 3
ரங் 6: மோட்டார் ஓடுகிறது, துண்டும் காலத்துக்குள் வருகிறது → டி500 = 1

கடைசியாக எழுதப்பட்டதே நிற்கும். ஓட்டம் கடைசியில் வருவதற்குக் காரணம், துண்டு வந்துகொண்டிருந்தால் மற்ற பிட்டுகள் என்ன சொன்னாலும் இயந்திரம் ஓடுகிறது. இடைவேளை கோளாறுக்குப் பின்னால் வருவது, உணவு இடைவேளையில் கிடக்கும் கோளாறால் உற்பத்தி நேரம் எதுவும் இழக்கப்படவில்லை என்பதால்.

அச்சு மாற்ற சுவிட்சுக்கு நேர வரம்பு வையுங்கள். வழக்கமாக 40 நிமிடம் ஆகும் என்றால், அதைத் தாண்டியதும் அந்தப் பிட் தானே விழவேண்டும். வரம்பு இல்லாவிட்டால் சுவிட்சை மறந்துவிட்டுப் போவார்கள், அடுத்து வரும் கோளாறு நேரம் முழுவதும் 'திட்டமிட்டது' என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். தொடர்ந்து ஐந்து துண்டுகள் வந்தாலும் அந்தப் பிட் விழட்டும்.

இந்த ரங்குகளுக்கு நடுவில் டி500ஐ வேறு எங்கும் படிக்காதீர்கள். ரங் 2க்கும் ரங் 6க்கும் இடையில் அதன் மதிப்பு தற்காலிகமானது. எல்லாம் முடிந்தபின் டி501க்கு நகலெடுத்து, அதை மட்டும் மற்ற இடங்களில் பயன்படுத்துவது பாதுகாப்பு.

துண்டு வராத வரம்பு

ஒவ்வொரு துண்டும் ஒரு டைமரை மீண்டும் தொடங்கவேண்டும். சுழற்சி 12 நொடி என்றால் வரம்பு ஒன்றரை மடங்கு, 18 நொடி. அதற்குள் அடுத்த துண்டு வராவிட்டால் 'ஓட்டம்' விழும்.

இதில் மறைந்திருக்கும் பிழை ஒன்று உண்டு. நிறுத்தம் தெரியவருவதே 18 நொடி கழித்து. அதுவரை நொடிகள் ஓட்டக் கணக்கில் விழுந்துவிட்டன. வரவேண்டிய 12 நொடியைக் கழித்தால் 6 நொடி தவறான கணக்கில் இருக்கிறது. ஷிஃப்டில் இப்படி 40 நிறுத்தம் என்றால் 240 நொடி, 4 நிமிடம். வரம்பு கடந்த அந்த ஸ்கேனில் ஓட்டக் கணக்கிலிருந்து 6 கழித்து, டி501 காட்டும் நிலையின் கணக்கில் 6 கூட்டுங்கள். மொத்தம் மாறாது. ஓட்டக் கணக்கு 6க்குக் குறைவாக இருந்தால் கழிக்கக்கூடாது. ஷிஃப்ட் மாறிய மறு நொடியில் அது எதிர்ம எண்ணாகிவிடும்.

மோட்டார் தொடர்போ கோளாறு பிட்டோ உடனே நிறுத்தத்தைச் சொல்லிவிட்டால் இந்தத் திருத்தம் வேண்டாம். வரம்பு டைமரால் வந்த நிறுத்தத்துக்கு மட்டும்.

தொடர்புகளின் அதிர்வை வடிகட்ட ஆன்-டிலே வைத்தால் அதே அளவு ஆஃப்-டிலேயும் வையுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நேரம் கொஞ்சம் தள்ளி விழும், நீளம் மாறாது. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த அளவு திருடப்படும்.

6. நொடிகளைச் சேர்த்தல்

16 பிட் கவுண்டரின் உச்சம் 32,767. நொடியில் எண்ணினால் அது 9 மணி 6 நிமிடம் 7 நொடி. 8 மணி நேர ஷிஃப்டில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். 12 மணி நேர ஷிஃப்ட் வந்த அன்று கணக்கு முறியும். எப்படி முறியும் என்பது கன்ட்ரோலரைப் பொறுத்தது. எஃப்.எக்ஸ். கவுண்டர் வைத்த இலக்கை எட்டியதும் அங்கேயே நிற்கும். எஸ்7-1200 கவுண்டர் தரவு வகையின் உச்சத்தில் நிற்கும். ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. கவுண்டர் −32,768க்குத் தாவும்.

அதனால் நேரத்துக்கு 32 பிட் மட்டுமே. அதில் 214 கோடிக்கும் மேற்பட்ட நொடிகள் அடங்கும்; ஏறத்தாழ 68 ஆண்டு. எஃப்.எக்ஸ்.3யூவில் கவுண்டரே வேண்டும் என்றால் சி220 முதல் சி234 வரை 32 பிட், மின்சாரம் போனாலும் நினைவில் இருப்பவை. ஆனால் ரெஜிஸ்டரில் ஒன்று கூட்டும் கட்டளையே எங்கள் பரிந்துரை. நகலெடுப்பதும் கழிப்பதும் அதில் எளிது, மேலே சொன்ன 6 நொடித் திருத்தம் போல.

டி512 – ஓட்டம்
டி514 – கோளாறு
டி516 – திட்டமிட்ட நிறுத்தம்
டி518 – காத்திருப்பு
டி520 – காரணம் தெரியாதது
டி522 – மொத்த நொடி
டி524, டி525, டி526 – நிறுத்தம், குறு நிறுத்தம், கோளாறு ஆகியவற்றின் எண்ணிக்கை
டி528 – மிக நீண்ட நிறுத்தம்

நேரங்கள் எல்லாம் இரண்டு ரெஜிஸ்டர் அகலம். டி512 என்றால் டி513உம் சேர்ந்தது. டி513ஐ வேறு எதற்காவது எடுத்துவிட்டால், கணக்கு சில மணி நேரம் சரியாக ஓடி, திடீரென்று 65,536இன் மடங்குகளில் தாவும். அப்படித் தாவினால் முகவரி மோதலைத் தேடுங்கள்.

எம்100 ஆன், டி501 = 1 → டி512இல் ஒன்று கூட்டு, 32 பிட்
எம்100 ஆன், டி501 = 2 → டி514இல் ஒன்று கூட்டு
இப்படியே ஐந்துக்கும்.
எம்100 ஆன் → டி522இல் ஒன்று கூட்டு

கவுண்டர் கட்டளை ஏறுமுனையில்தான் எண்ணும். கூட்டல் கட்டளையோ நிபந்தனை ஆனாக இருக்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் ஓடும். எம்100 ஒரே ஸ்கேன் நீளம் என்பதால் இங்கே பிரச்சினையில்லை. எம்8013ஐ நேராகப் போட்டால் நொடிக்கு ஐம்பது, நூறு என்று எகிறும்.

இயந்திரத்தின் வாழ்நாள் ஓட்டத்துக்கு டி560இல் தனியாக ஒன்று வையுங்கள், ரீசெட் இல்லாமல். எண்ணெய் மாற்றும் கணக்குக்கு இன்னொன்று, கடவுச்சொல்லோடு ரீசெட் ஆகும்படி.

7. நிறுத்தங்களை எண்ணுதல், காரணம் பதிதல்

டி501 முந்தைய ஸ்கேனில் 1ஆக இருந்து இப்போது வேறானால் ஒரு நிறுத்தம் தொடங்கியது. டி524இல் ஒன்று கூட்டுங்கள், டி540ஐப் பூஜ்யமாக்குங்கள். நிற்கும்வரை எம்100க்கு ஒன்றாக டி540 ஏறும். மறுபடி 1 ஆனதும் டி540ஐப் படித்து, 300 நொடிக்குக் கீழே இருந்தால் குறு நிறுத்தம் என்று டி525இல் சேருங்கள். டி528ஐவிடப் பெரிதென்றால் டி528இல் எழுதுங்கள். 5 நிமிட எல்லை ஒரு தொடக்கம்தான். உங்கள் ஆலை ஏற்கெனவே வேறு எல்லை வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நிறுத்தம் 5இல் தொடங்கி சில நொடி கழித்து 2க்கு மாறலாம், கோளாறு பிட் தாமதமாக வருவதால். அது ஒரே நிறுத்தம்தான். நிலை மாறும்போதெல்லாம் நிறுத்தத்தை எண்ணினால் எண்ணிக்கை இரட்டிக்கும்.

காரண எண்ணில் முதலில் வந்த கோளாறைப் பிடிக்கவேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் சில நொடிக்குள் கிளாம்ப் கோளாறு, சுழற்சி தாமதம், கன்வேயர் நிறுத்தம் என்று வரிசையாக வரும். கடைசியில் வந்ததைப் பதிந்தால் பராமரிப்பு ஆள் கன்வேயரைக் கழற்றிக்கொண்டிருப்பார். டி545ஐக் காரணத்துக்கு வைத்து, அது பூஜ்யமாக இருந்தால் மட்டும் கோளாறு எண்ணை எழுதுங்கள். ஓட்டம் தொடங்கியதும் அந்த நிறுத்தத்தின் பதிவில் நகலெடுத்துவிட்டுப் பூஜ்யமாக்குங்கள்.

ஆபரேட்டரிடம் காரணம் கேட்பது நிலை 5 மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மட்டும் போதும். எச்.எம்.ஐ.யில் (ஆபரேட்டர் பார்க்கும் தொடுதிரை) ஏழெட்டு பட்டனுக்கு மேல் வைக்கவேண்டாம். பட்டியல் நீண்டால் எல்லோரும் முதல் பட்டனையே அழுத்துவார்கள். காரணம் சொல்லாவிட்டால் இயந்திரம் ஓடாது என்று பூட்டுவதும் வேண்டாம். வாய்க்கு வந்ததை அழுத்திவிட்டு ஓட்டுவார்கள், பதிவு கெடும்.

8. ஷிஃப்ட் மாற்றம்

'நேரம் 06:00:00க்குச் சமம்' என்று எழுதினால், அந்த ஒரு நொடியில் கன்ட்ரோலர் நின்றிருந்தால் மாற்றம் தவறிப்போகும். சமமான நொடி முழுக்க நிபந்தனை ஆனாக இருப்பதால் ரீசெட் பல ஸ்கேன் ஓடும். முதல் ஸ்கேனில் எடுத்த நகலை இரண்டாவது ஸ்கேனின் பூஜ்யங்கள் அழித்துவிடும்.

ஷிஃப்ட் எண்ணைக் கணக்கிட்டு, அது மாறுவதைப் பிடியுங்கள். மணி டி8015, நிமிடம் டி8014. மணி × 60 + நிமிடம். முதலில் ஷிஃப்ட் = 3 என்று எழுதுங்கள். 360 முதல் 839 வரை என்றால் 1, 840 முதல் 1,319 வரை என்றால் 2 என்று மேலெழுதுங்கள். நள்ளிரவைத் தாண்டும் இரவு ஷிஃப்டுக்குத் தனி நிபந்தனை வேண்டியதில்லை.

எண் மாறிய ஸ்கேனில்: முதலில் டி512 முதல் டி529 வரை 18 ரெஜிஸ்டரை டி612க்கு நகலெடுங்கள். பிறகு அவற்றைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு புதிய எண்ணை நினைவில் வையுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. இந்த ரங்குகள் கூட்டல் ரங்குகளுக்கு மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் அந்த நொடி புதிய ஷிஃப்டில் விழும்.

டி540 இந்தத் தொகுப்புக்கு வெளியே இருப்பது வேண்டுமென்றே செய்தது. 05:50க்குத் தொடங்கிய நிறுத்தம் 06:20க்கு முடிந்தால், நொடிகள் இரண்டு ஷிஃப்டுக்கும் தானாகப் பிரியும், ஆனால் நிறுத்தத்தின் நீளம் 30 நிமிடம் என்று முழுதாகக் கிடைக்கவேண்டும்.

9. மின்சாரம் போனால்

எஃப்.எக்ஸ்.3யூவில் டி512இலிருந்து மேலே உள்ளவை நினைவில் நிற்கும் பகுதி. அதனால்தான் அங்கிருந்து தொடங்கினோம். எஸ்7-1200இல் ஒவ்வொரு டேகுக்கும் 'ரீட்டெய்ன்' குறியிடவேண்டும். டேட்டா பிளாக்கின் அமைப்பை மாற்றி டவுன்லோடு செய்து அது மறுதொடக்கம் ஆனால் மதிப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும். வாழ்நாள் கணக்கை வேறு யாரும் திருத்தாத தனி டேட்டா பிளாக்கில் வையுங்கள்.

நொடிக்கு ஒரு தடவை ஈ-ப்ராமில் (மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைக்கும் சிப்) எழுதும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஈ-ப்ராம் பொதுவாக 1,00,000 தடவை எழுதும் அளவுக்குத்தான் உறுதி தரும். நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

பி.எல்.சி. அணைந்திருக்கும்போது எந்த நொடியும் எண்ணப்படாது. அதைப் பிடிக்க, எம்100 வரும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் நினைவில் நிற்கும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். முதல் ஸ்கேன் பிட்டான எம்8002 வரும்போது இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். தேதி மாறியிருந்தால் நாளுக்கு 86,400 கூட்டவேண்டும். கிடைத்த எண்ணை நிலை 5இலும் மொத்தத்திலும் சேருங்கள், அல்லது 'மின்சாரம் இல்லை' என்று ஆறாவது கணக்கில். இடையில் ஷிஃப்ட் மாறியிருந்தால், முதலில் பழைய ஷிஃப்டின் முடிவு வரை உள்ள நொடிகளைப் பழையதில் சேர்த்து, அதன் பிறகு நகலெடுத்து, மீதியைப் புதியதில் போடுங்கள். 8 மணி நேரத்துக்கு மேல் அணைந்திருந்தால் ஷிஃப்ட் கட்டாயம் மாறியிருக்கும். நினைவில் உள்ள ஷிஃப்ட் எண் தற்செயலாகப் பொருந்தினாலும் நகலெடுத்து ரீசெட் செய்யுங்கள்.

10. திரையில் காட்டும் எண்கள்

ஒரு ஷிஃப்ட் 28,800 நொடி. இடைவேளை 2,700. திட்டமிட்ட உற்பத்தி நேரம் 26,100. கோளாறு 2,400, காத்திருப்பு 900, காரணம் தெரியாதது 615, மொத்தம் 3,915. ஓட்டம் 22,185. கிடைப்புத்தன்மை 22,185 ÷ 26,100 = 85 சதவீதம். 1,700 துண்டு வந்திருந்தால் வேகம் 12 × 1,700 ÷ 22,185, ஏறத்தாழ 92 சதவீதம். கோளாறு 8 தடவை என்றால் சராசரி சரிசெய்யும் நேரம் 300 நொடி. இரண்டு கோளாறுகளுக்கு இடையே சராசரி ஓட்டம் 2,773 நொடி.

முழு எண் வகுத்தலில் 22,185 ÷ 26,100 பூஜ்யம். முதலில் 100ஆல் பெருக்கி பிறகு வகுங்கள். 22,18,500 என்பது 16 பிட்டில் அடங்காது, 32 பிட் கட்டளை வேண்டும். ஷிஃப்ட் தொடங்கிய நொடியில் வகுக்கும் எண் பூஜ்யம். சில கன்ட்ரோலர்கள் இதற்காகவே கோளாறில் நின்றுவிடும். திட்டமிட்ட நேரம் 60 நொடியைத் தாண்டினால் மட்டும் வகுங்கள்.

காத்திருப்பைப் பராமரிப்புத் துறையின் கணக்கில் ஏற்றாதீர்கள். சரக்கு வராததற்கு அவர்கள் பொறுப்பில்லை. இயந்திரக் கிடைப்புத்தன்மை, உற்பத்தி வரிசைக் கிடைப்புத்தன்மை என்று இரண்டு எண் காட்டினால் தேவையற்ற சண்டை வராது.

ஸ்காடாவுக்கு (ஆலையைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) அனுப்பும்போது டி612 தொகுப்பை, அதாவது முடிந்த ஷிஃப்டை, அனுப்புங்கள். நடப்பு எண்களை ரீசெட் செய்யும் அதிகாரம் ஸ்காடாவுக்கு வேண்டாம். தொடர்பு அறுந்தால் கணக்கும் அறும். மோட்பஸ் (கருவிகள் தரவைப் பரிமாறும் ஒரு முறை) வழியாகப் படித்தால் 32 பிட்டின் இரண்டு ரெஜிஸ்டரையும் ஒரே கோரிக்கையில் படியுங்கள். எண் 65,536 மடங்காக வந்தால் மேல், கீழ் ரெஜிஸ்டர் வரிசை மாறியிருக்கிறது.

11. சோதனை

முதலில் மேசையில். இன்புட்டுகளை சிமுலேட்டரிலோ சுவிட்சுப் பெட்டியிலோ கொடுத்து, ஐந்து நிலைக்கும் தலா 600 நொடி விடுங்கள். டி512 முதல் டி520 வரை உள்ள ஐந்தின் கூட்டுத்தொகை டி522க்குச் சமமாக இருக்கவேண்டும். வித்தியாசம் பூஜ்யம், ஒரு நொடி கூட ஏற்கத்தக்கதல்ல. வித்தியாசம் வந்தால் ஒரு நிலைக்குக் கூட்டல் ரங் இல்லை, அல்லது முகவரி மோதுகிறது. இந்த ஒப்பீட்டைப் புரோகிராமிலேயே நிரந்தரமாக வைத்து, பொருந்தாவிட்டால் எச்.எம்.ஐ.யில் எச்சரிக்கை வரச் செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் எம்100ஐயே நம்பியிருப்பதால், துடிப்பே தவறினால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்கு நிஜக் கடிகாரத்தோடு ஒப்பிடவேண்டும்: ஒரு முழு ஷிஃப்டின் டி522 28,800இலிருந்து ஓரிரு நொடிக்கு மேல் விலகக்கூடாது.

இரண்டு இன்புட்டுகளை ஒரே நேரத்தில் ஆன் செய்து பாருங்கள், கோளாறும் இடைவேளையும் சேர்த்து. எதில் நொடி விழுகிறது என்று காகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

கடிகாரத்தை 05:58க்கு வைத்து, இயந்திரம் நின்ற நிலையில் ஷிஃப்ட் மாற்றத்தைக் கடக்கவிடுங்கள். டி612இல் பழைய எண்கள் முழுதாக இருக்கவேண்டும். மறுபடி 05:58க்கு வைத்து, இந்தத் தடவை மின்சாரத்தை நிறுத்தி 06:03க்குக் கொடுங்கள். இரவு ஷிஃப்டுக்கு 23:59இலிருந்து 00:01 வரை ஓடவிட்டு, ரீசெட் எதுவும் நடக்கவில்லை என்பதைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவையுங்கள். சோதனையில் சேர்ந்த நொடிகள் வாழ்நாள் கணக்கான டி560இல் இருக்கும், அதையும் பழைய மதிப்புக்கு மாற்றுங்கள்.

அடுத்து இயந்திரத்தருகே ஸ்டாப் வாட்சோடு ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்தின் தொடக்கத்தையும் முடிவையும் கையால் எழுதி, பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துவந்து எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் 18 நொடி வரம்பைச் சந்தேகியுங்கள்: மெதுவான நல்ல சுழற்சிகளை அது நிறுத்தமாக எண்ணுகிறதா, அல்லது சிறிய நிறுத்தங்களை விழுங்குகிறதா என்று கையால் எழுதிய அந்தத் தாளே காட்டும்.